விலை மலிவான எலெக்ட்ரிக் கிட்டாருக்கு வீட்டிலேயே புது வண்ணம்

விலை மலிவான எலெக்ட்ரிக் கிட்டார் என்றாலே பெரும்பாலும் ஸ்ட்ராட்டோகாஸ்டர் வடிவம்தான். 1954இல் ஃபெண்டர் அறிமுகப்படுத்திய வடிவம் அது. இன்று ஃபெண்டரின் மலிவு பிராண்டான ஸ்குவையரிலிருந்து, பை, கேபிளோடு சேர்த்து ஆன்லைனில் விற்கும் பெயர் தெரியாத கிட்டார் வரை அதே அச்சுதான். நெக் (கழுத்துக் கட்டை) நாலு ஸ்க்ரூவில் பாடியோடு நிற்கிறது. பிக்கப் (தந்தியின் அதிர்வை மின்சாரமாக்கும் காந்தச் சுருள்), சுவிட்ச், பாட் (ஒலியைக் கூட்டிக் குறைக்கும் குமிழின் அடியிலுள்ள கருவி) எல்லாம் பிக்கார்ட் என்ற ஒரே பிளாஸ்டிக் தகட்டில் தொங்குகின்றன. ஒரு ஸ்டார் ஸ்க்ரூ டிரைவரும் சால்டரிங் அயர்னும் இருந்தால் ஒரு மணி நேரத்தில் வெறும் கட்டையாகப் பிரித்துவிடலாம். முதல்முறை வண்ணம் மாற்றிப் பார்க்க இதைவிடத் தோதான கிட்டார் கிடையாது. நெக்கைப் பாடியோடு ஒட்டியே செய்த வகைகளில் முதல் சோதனையை வைத்துக்கொள்ளாதீர்கள்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. வண்ணம் மாற்றினால் ஒலி மாறாது. வாசிக்க இதமாவதும், சுருதி நிற்பதும், இரைச்சல் குறைவதும் அதற்குப் பிறகு வரும் வயரிங், ஃப்ரெட் (நெக்கின் குறுக்கே பதித்த உலோகக் கம்பி), செட்டப் (தந்தி உயரம் முதலியவற்றைச் சரிசெய்வது) வேலைகளால் நடப்பவை. எப்படியும் பிரித்துப் போடுகிறோம் என்பதால் எல்லாவற்றையும் சேர்த்தே முடிப்பது லாபம். கை வேலை நாலைந்து ஞாயிற்றுக்கிழமையில் முடிந்துவிடும். பெயின்ட் காய்வதற்குத்தான் வாரக்கணக்கில் பொறுக்க வேண்டும். வீட்டில் செய்யும் கிட்டார்கள் பெரும்பாலும் இந்த இடத்தில்தான் கெடுகின்றன.

பழைய பூச்சை உரிக்க வேண்டாம்

கிட்டாருக்குப் புது வண்ணம் என்றதும் எல்லாருக்கும் முதலில் தோன்றுவது பழைய பெயின்ட்டை முழுக்க எடுத்துவிட வேண்டும் என்பது. வேண்டாம். தொழிற்சாலையில் அடித்திருப்பது பாலியஸ்டர் அல்லது பாலியூரித்தேன் பூச்சு. சில கிட்டார்களில் கிட்டத்தட்ட 1 மி.மீ. தடிமன் வரை இருக்கும். ஹார்டுவேர் கடையில் விற்கும் பெயின்ட் ரிமூவர் பாலியஸ்டரைத் தொட்டுக்கூடப் பார்க்காது. உப்புத்தாளால் தேய்த்து எடுக்க நினைத்தால் தோள்பட்டைதான் போகும், பூச்சு போகாது.

பாடுபட்டு உரித்தாலும் அடியில் அழகான மரம் கிடைக்கப்போவதில்லை. பாஸ்வுட், பாப்லர், பாலோனியா என்று ஏதாவது ஒரு மென்மையான மரத்தின் மூன்று, நாலு, ஐந்து துண்டுகளை ஒட்டி, ஓட்டைக்குப் பட்டி வைத்துத்தான் மலிவு பாடியைச் செய்கிறார்கள். சிலவற்றில் பிளைவுட்டே இருக்கும். மர ரேகை தெரிய வார்னிஷ் அடிக்கலாம் என்ற கனவு அங்கேயே முடிந்துவிடும். பாஸ்வுட்டும் பாலோனியாவும் நகத்தால் அழுத்தினாலே பள்ளம் விழும் மரங்கள். அந்த மென்மையான மரத்தை மூடி, சமதளமாக்கி, கெட்டியாக நிற்கிறது தொழிற்சாலைப் பூச்சு. அதைவிட நல்ல அடிப்பூச்சை வீட்டில் உங்களால் அடிக்க முடியாது. அதன் மேலேயே சொரசொரப்பாக்கி வண்ணம் அடிப்பதுதான் இந்தக் கட்டுரை சொல்லும் வழி.

பூச்சு செதில் செதிலாகப் பெயர்ந்து வருகிறது என்றால் மட்டும் உரிக்க வேண்டியிருக்கும். அதற்கு ஹீட் கன் வேண்டும். 250 முதல் 300 டிகிரிக்குள் வைத்து, ஒரே இடத்தில் நிறுத்தாமல் ஆட்டிக்கொண்டே இருந்தால் பூச்சு இளகும். முனை மழுக்கிய பட்டித் தகட்டை அடியில் நுழைத்துத் தள்ளினால் பாளம் பாளமாக வரும். வெட்டவெளியில் செய்யுங்கள், அந்தப் புகை நல்லதல்ல. ஓரிடத்தில் அதிக நேரம் காட்டினால் மரம் கருகும், ஒட்டிய மூட்டு விட்டுப்போகும். உரித்த பிறகு மரத்தை மூட சாண்டிங் சீலர் மூன்று நாலு கோட் கூடுதல் வேலை.

எந்த பெயின்ட், எவ்வளவு

அக்ரிலிக் லேக்கர் ஸ்பிரே கேன் வாங்குங்கள். கார் டச்-அப்புக்கு விற்கும் கேன்களில் இந்த வகை எளிதில் கிடைக்கும். வாங்கும் முன் கேனில் எழுதியிருப்பதைப் படித்து உறுதிசெய்துகொள்ளுங்கள். கிட்டாருக்குக் கார் பெயின்ட்டா என்று தயங்க வேண்டாம். ஃபெண்டரே 1950களிலும் 60களிலும் சிறப்பு வண்ணங்களுக்கு டூபான்ட் கம்பெனியின் கார் பெயின்ட்டை அடித்தார்கள். லேக் பிளாசிட் புளூ காடிலாக் கார் வண்ணம். ஃபியஸ்டா ரெட் ஃபோர்டு வண்ணம். கதவு, ஜன்னலுக்கு அடிக்கும் எனாமல் வேண்டாம். தொட்டால் காய்ந்த மாதிரி இருக்கும், ஆனால் வாரக்கணக்கில் உள்ளே மெத்தென்றே கிடக்கும். வாசிக்கும்போது முன்கை வியர்வையில் ஒட்டும்.

ஒரு பாடிக்கு 400 மி.லி. கேன் கணக்கில் பிரைமர் 1, வண்ணம் 2, கிளியர் (நிறமில்லாத மேல்பூச்சு) 3 தேவைப்படும். மூன்றையும் ஒரே கம்பெனியில் எடுப்பது பாதுகாப்பு. கலந்து வாங்கினால் மேல் பூச்சின் தின்னர் கீழ்ப்பூச்சைக் கரைத்து, கிழவியின் கன்னம் மாதிரி சுருக்கிவிடும். கலந்துதான் ஆக வேண்டும் என்றால் முதலில் ஒரு பழைய டிபன் பாக்ஸ் மூடியில் மூன்றையும் வரிசையாக அடித்து இரண்டு நாள் பாருங்கள்.

வண்ணத் தேர்வில் ஒரு வார்த்தை. கறுப்பு அடித்தால் எளிது என்று நினைப்பார்கள், அதுதான் கஷ்டமானது. ஒவ்வொரு கீறலும், ஒவ்வொரு மேடுபள்ளமும் அதில் தெரியும். கிரீம், வெளிர்பச்சை, வெளிர்நீலம் போன்றவை தவறுகளை மறைத்துக்கொள்ளும். மெட்டாலிக் வண்ணத்தை அடித்த பிறகு தேய்க்கக்கூடாது, தேய்த்த இடம் திட்டுத் திட்டாகத் தெரியும். ஓரம் கருத்து நடுவில் மஞ்சளாக மங்கும் சன்பர்ஸ்ட்டை ஸ்பிரே கேனால் செய்வது இரண்டாவது மூன்றாவது கிட்டாருக்கான வேலை.

மற்றபடி வேண்டியவை: 320, 400, 600, 800, 1000, 1500, 2000 நம்பர் வாட்டர் பேப்பர் (400, 1000, 1500 தலா நாலு ஷீட், மற்றவை இரண்டு), என்.சி. பட்டி சிறிய டப்பா, மாஸ்கிங் டேப், ரப்பிங் காம்பவுண்ட், மைக்ரோ ஃபைபர் துணி, தட்டையான பெரிய அழிரப்பர் ஒன்று. ஆர்கானிக் வேப்பர் கார்ட்ரிட்ஜ் உள்ள முகமூடி கட்டாயம். துணி மாஸ்க் தூசியைத்தான் ஓரளவு தடுக்கும், தின்னர் ஆவியை அல்ல.

கழற்றுவது

தந்திகளை முறுக்கு தளர்த்திய பிறகே வெட்டுங்கள். இறுக்கத்தில் வெட்டினால் கண்ணுக்கு ஆபத்து. பின்பக்க பிளாஸ்டிக் மூடியைத் திறந்தால் ஸ்பிரிங்குகளும், அவை மாட்டியிருக்கும் கிளா என்ற இரும்புப் பட்டையும் தெரியும். அந்தப் பட்டையில் ஒரு வயர் ஈயத்தால் பற்றவைக்கப்பட்டிருக்கும். அதுதான் தந்திகளுக்கான எர்த். அதைக் கிளாவில் கழற்ற முயலாதீர்கள். பெரிய இரும்பு சூட்டை உறிஞ்சிவிடும், 25 வாட் அயர்னால் ஈயம் உருகாது. வால்யூம் பாட் பக்கத்து முனையில் எடுப்பது சுலபம். ஜாக்குக்கு (கேபிள் செருகும் இடம்) போகும் இரண்டு வயர்களையும் ஜாக் பக்கத்தில் எடுங்கள். எடுக்கும் முன் நாலு கோணத்தில் கிட்ட வைத்துப் புகைப்படம் பிடித்துக்கொள்ளுங்கள்.

பிக்கார்டில் வழக்கமாக 11 ஸ்க்ரூ, பிரிட்ஜ் (பாடியில் தந்திகள் தங்கும் தகடு) முன்விளிம்பில் 6, நெக்கில் 4, ஸ்ட்ராப் பட்டன் (தோள்வார் மாட்டும் குமிழ்) 2. ஒவ்வொரு கூட்டத்தையும் தனித்தனிக் கவரில் போட்டு மேலே எழுதுங்கள். பார்க்க ஒன்றுபோல் இருந்தாலும் நீளம் வேறு. நீளமான ஸ்க்ரூவைத் தவறான ஓட்டையில் திருகினால் மரம் பிளக்கும், அல்லது மறுபக்கம் எட்டிப் பார்க்கும்.

நெக் உட்காரும் பள்ளத்துக்கு முழுமையாக மாஸ்கிங் டேப் ஒட்டிவிடுங்கள். அங்கே பெயின்ட் ஏறினால் நெக் சரியாக இறங்காது; அழுத்தித் திணித்தால் பள்ளத்தின் ஓரத்தில் புதுப் பூச்சு விரிசல் விடும். பிறகு ஒரு முழ நீள ரீப்பர் கட்டையை அதே பள்ளத்தில் வைத்து, பின்னாலிருந்து பழைய நெக் ஓட்டைகள் வழியாகவே இரண்டு ஸ்க்ரூ போட்டு முடுக்குங்கள். இனி பாடியைத் தொடாமலே தூக்கலாம், திருப்பலாம், கட்டை முனையில் ஓட்டை போட்டுக் கயிற்றில் தொங்கவிடலாம்.

தேய்ப்பதும் பட்டியும்

முதலில் கழுவல். மலிவு கிட்டாரில் பாலிஷ், கை எண்ணெய், சிலிக்கான் ஸ்பிரே எல்லாம் படிந்திருக்கும். பாத்திரம் கழுவும் திரவம் கலந்த ஈரத்துணியால் துடைத்து, காய்ந்ததும் ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலால் இன்னொருமுறை துடையுங்கள். இதைத் தேய்ப்பதற்கு முன்னால் செய்ய வேண்டும். பிறகு செய்தால் சிலிக்கானைக் கீறல்களுக்குள் தள்ளியதாகிவிடும். அப்படித் தங்கிய சிலிக்கான்தான் வண்ணம் அடிக்கும்போது வட்ட வட்டமாக மீன் கண் போட வைக்கும்.

அடுத்து 320 நம்பர் தாளைக் கட்டையில் சுற்றித் தட்டையான பகுதிகளையும், கையிலேயே மடித்து வளைவுகளையும் தேயுங்கள். நோக்கம் பளபளப்பைக் கொல்வது மட்டுமே. ஜன்னல் வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தால் மினுக்கும் புள்ளி ஒன்றுகூட இருக்கக்கூடாது. நெக்கின் இருபுறமும் நீட்டிக்கொண்டிருக்கும் கொம்புகளின் உட்புற வளைவில்தான் எல்லாரும் விட்டுவிடுவார்கள். பின்னால் பெயின்ட் உரிவதும் அங்கிருந்துதான் தொடங்கும். முடிவில் 400. இந்தக் கட்டத்தில் தண்ணீர் வேண்டாம், உலர் தேய்ப்பே போதும். ஸ்க்ரூ ஓட்டைகள் வழியாக ஈரம் மரத்துக்குள் இறங்கினால் ஓட்டையைச் சுற்றி மரம் உப்பி, பூச்சு பிளக்கும்.

அடிபட்டுப் பெயர்ந்த இடங்களில் என்.சி. பட்டியை மெல்லிய படலமாக வையுங்கள். அரை மில்லிமீட்டருக்கு மேல் ஒரே தடவையில் வைக்கக்கூடாது. என்.சி. பட்டி காயும்போது சுருங்கும். தடிமனாக அப்பிவிட்டு மறுநாள் தேய்த்தால் அன்றைக்குச் சமமாக இருக்கும். ஒரு மாதம் கழித்து, கிளியரெல்லாம் அடித்து மினுக்கிய பிறகு, அதே இடம் குழிந்து தெரியும். ஆழமான பள்ளமென்றால் கார் டிங்கரிங்கில் பயன்படுத்தும், ஹார்டனர் கலக்கும் இரட்டைப் பட்டியே சரி.

பட்டி தேய்த்து முடித்ததும் தளர்ந்த ஸ்க்ரூ ஓட்டைகளைப் பாருங்கள். ஸ்ட்ராப் பட்டன் ஓட்டை அனேகமாகத் தளர்ந்தே இருக்கும். பல்குத்தும் குச்சிகளை ஃபெவிகாலில் தோய்த்து நிறையத் திணித்து, ஒரு நாள் காயவிட்டு, நீட்டிக்கொண்டிருப்பதைச் சீவிவிட்டு, பிறகு புதிதாக 2 மி.மீ. ஓட்டை போடலாம்.

ஸ்பிரே

இடமும் நேரமும் முக்கியம். மொட்டை மாடி வெயிலில் அடிக்காதீர்கள். காற்றில் பறந்து வரும்போதே பெயின்ட் பாதி காய்ந்து, மாவு தூவியதுபோல் சொரசொரவென்று விழும். விழுந்ததும் மேலே தோல் கட்டி, அடியிலுள்ள தின்னர் வெளியேற வழியில்லாமல் கொப்புளம் போடும். நிழலான, காற்றோட்டமுள்ள, அடுப்பும் விளக்கும் அருகில் இல்லாத கார் நிறுத்துமிடம் தோது. தரையில் லேசாகத் தண்ணீர் தெளித்தால் தூசி எழாது. காலை பத்து மணிக்கு மேல், பிற்பகல் மூன்றுக்குள் முடித்துவிடுங்கள். அந்தி சாய்ந்தால் கொசுவும் பூச்சியும் ஈரப் பெயின்ட்டைத் தேடி வரும். வந்து ஒட்டினால் அப்படியே விட்டுவிடுங்கள். காய்ந்த பிறகு ஊசியால் எடுத்துத் தேய்த்துக்கொள்ளலாம். ஈரத்தில் நோண்டினால் இரண்டு அங்குலத்துக்கு வேலை கூடும்.

காற்றில் ஈரப்பதம் 70 சதவீதத்தைத் தாண்டினால் லேக்கர் வெளுக்கும். தின்னர் வேகமாக ஆவியாகும்போது பரப்பு குளிர்கிறது, அதில் காற்றின் ஈரம் படிகிறது, பூச்சுக்குள் வெண்மூட்டமாகத் தங்கிவிடுகிறது. வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் கடற்கரை ஊர்களில் இந்த வேலையைத் தொடங்காமல் இருப்பதே மேல். வெளுத்துவிட்டால் பயப்படத் தேவையில்லை. நல்ல வறண்ட நாளில் மேலே ஒரு ஈரக் கோட் கொடுத்தால், பூச்சு மறுபடி இளகி ஈரம் வெளியேறிவிடும்.

கேனை உள்ளே குண்டு சத்தம் கேட்கத் தொடங்கியதிலிருந்து இரண்டு நிமிடம் குலுக்க வேண்டும். வெதுவெதுப்பான தண்ணீரில் பத்து நிமிடம் நிறுத்தி வைத்தால் அழுத்தம் சீராகி பெயின்ட் திவலை நுண்ணியதாகும். கொதிநீரில் வைத்தால் கேன் வெடிக்கும். பாடியிலிருந்து 25 செ.மீ. தூரத்தில், மணிக்கட்டைச் சுழற்றாமல் கையையே நகர்த்தி அடியுங்கள். பாடிக்கு வெளியே பட்டனை அழுத்தி, பாடியைக் கடந்து, மறுபக்கம் வெளியே போன பிறகு விடுங்கள். உள்ளே தொடங்கினால் தொடங்கிய இடத்தில் சொட்டு விழும். ஒவ்வொரு வரியும் முந்தைய வரியில் பாதியை மூட வேண்டும். முதலில் பக்கவாட்டு விளிம்புகள், கொம்புகளின் உள்வளைவு; பிறகு பின்பக்கம்; கடைசியாக முன்பக்கம்.

பிரைமர் இரண்டு மூன்று கோட், ஒவ்வொன்றுக்கும் 15 நிமிட இடைவெளி. வெளிர் வண்ணத்துக்கு வெள்ளை பிரைமர், அடர்வண்ணத்துக்குச் சாம்பல். ஒரு நாள் காய்ந்ததும் கார் பெயின்டர்கள் செய்யும் ஒரு வித்தையைச் செய்து பாருங்கள். ஏதாவது கறுப்பு ஸ்பிரேயை, அதுவும் லேக்கராகவே இருக்கட்டும், இரண்டடி தள்ளி நின்று புகைபோல மிக லேசாகத் தூவி, 600 நம்பர் தாளைக் கட்டையில் வைத்துத் தேயுங்கள். மேடுகளில் கறுப்பு போய்விடும், பள்ளங்களில் புள்ளியாக நிற்கும். கண்ணுக்குத் தெரியாத பள்ளமெல்லாம் அப்போது தெரியும். அந்த இடங்களில் பட்டி, மறுபடி பிரைமர். பள்ளங்களை இங்கே திருத்தாமல் வண்ணத்துக்குப் போனால் கிளியர் அவற்றைப் பூதக்கண்ணாடி வைத்துக் காட்டும்.

வண்ணத்தின் முதல் கோட் பனி படிந்த மாதிரி இருந்தால் போதும், அடியில் பிரைமர் தெரியத்தான் செய்யும். எல்லாருக்கும் கை பரபரக்கும் இடம் இது. ஒரே தடவையில் மூடிவிட நினைத்தால் வழியும். 10 முதல் 15 நிமிட இடைவெளியில் நாலு கோட்டில் மூடிவிடும். வழிந்துவிட்டால் தொடாதீர்கள். மூன்று நாள் காயவிட்டு, பிளேடால் மேட்டைச் சீவி, 800 நம்பரால் சமப்படுத்தி, அந்த இடத்துக்கு மேல் மட்டும் இரண்டு மெல்லிய கோட் கொடுங்கள்.

கேனில் மறுபூச்சு நேரம் என்று ஒன்று எழுதியிருக்கும். "ஒரு மணி நேரத்துக்குள், அல்லது 48 மணி நேரத்துக்குப் பின்" என்பதுபோல இருந்தால் அப்படியே கடைப்பிடியுங்கள். இரண்டுக்கும் நடுவில் அடித்தால் அரைகுறையாகக் காய்ந்த அடிப்பூச்சு சுருங்கும். பெயின்ட் சுருங்கிப்போனதற்கு முக்கால்வாசி காரணம் இதுவாகத்தான் இருக்கும்.

கிளியர் மொத்தம் ஆறிலிருந்து எட்டு கோட், இரண்டு நாளில் பிரித்து. நிறைய என்று தோன்றும். பின்னால் தேய்த்துச் சமப்படுத்தும்போது இதில் கணிசமான பகுதி போய்விடும்.

கார்களுக்கு அடிக்கும் 2கே கிளியர் பற்றிக் கேள்வி வரும். ஹார்டனர் கலந்து அடிப்பது. மிகவும் கெட்டி, நல்ல பளபளப்பு, சீக்கிரம் காயும். ஆனால் அந்த ஹார்டனரில் ஐசோசயனேட் இருக்கிறது. அது நுரையீரலுக்கு ஆகாது, ஒருமுறை ஒவ்வாமை வந்துவிட்டால் ஆஸ்துமாவாகத் தங்கிவிடக்கூடியது. வீட்டில் அடிக்காதீர்கள். 2கே தான் வேண்டும் என்றால், தேய்த்துத் தயாராக்கிய பாடியைக் கட்டையோடு ஸ்பிரே பூத் உள்ள கார் பெயின்ட் பட்டறையில் கொடுத்துவிடலாம். பம்பர் ஒன்றுக்கு அடிக்கும்போது இதையும் சேர்த்து அடித்துத் தருவார்கள். சூட்டு அறையில் மட்டும் வைக்க வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். இரும்புக்குச் சரியான 60, 70 டிகிரி சூட்டில் மரத்தின் ஈரம் விரிந்து ஒட்டுமூட்டுகள் பூச்சின் மேல் கோடாகத் தெரியும்.

காத்திருந்து மினுக்குவது

கடைசி கோட்டுக்குப் பிறகு பாடியை நிழலில் மூன்று நாலு வாரம் தொங்கவிடுங்கள். காய்ந்ததா என்று பார்க்க மூக்கே போதும். பாடியின் மேல் மூக்கை வைத்தால் தின்னர் வாடை வரக்கூடாது. பிக்கார்ட் மறைக்கும் இடத்தில் நகத்தை அழுத்திப் பாருங்கள். தடம் விழுந்தால் இன்னொரு வாரம். அவசரப்பட்டு மினுக்கினால் அன்றைக்குக் கண்ணாடியாக இருக்கும். பூச்சு தொடர்ந்து சுருங்குவதால் அடுத்த மாதம் மங்கிவிடும்.

காய்ந்ததும் ஸ்க்ரூ ஓட்டைகளில் மெழுகைத் தேய்த்து அடைத்துவிட்டு, 1000 நம்பர் தாளை அழிரப்பரில் சுற்றி, இரண்டு சொட்டு பாத்திர சோப்பு கலந்த தண்ணீரில் நனைத்துத் தேயுங்கள். அடிக்கடி துணியால் துடைத்துப் பார்க்க வேண்டும். தேய்ந்த இடம் மங்கலாகவும், இன்னும் தொடாத பள்ளம் மினுக்கும் புள்ளியாகவும் தெரியும். புள்ளிகள் மறையும்வரை தேய்க்க வேண்டும், அதற்குமேல் ஒரு இழுப்புகூட வேண்டாம். தாளில் சேரும் சாந்து பால்வெள்ளையாக இருந்தால் கிளியரில் இருக்கிறீர்கள். வண்ணம் கலந்து வந்தால் உடனே நிறுத்துங்கள். விளிம்புகளில் பூச்சு எப்போதும் மெல்லிசு. விளிம்பிலிருந்து அரை செ.மீ. உள்ளேயே கட்டையை நிறுத்திவிட்டு, விளிம்பை 1500 நம்பரால் விரலில் இரண்டு தடவை வருடினால் போதும்.

பிறகு 1500, பிறகு 2000. ஒவ்வொரு நம்பரிலும் திசையை மாற்றித் தேய்த்தால் முந்தைய நம்பரின் கீறல் மிச்சமிருப்பது தெரியும். கடைசியில் ரப்பிங் காம்பவுண்ட். டிரில்லில் மாட்டும் பஞ்சு பேடு வைத்திருப்பவர்கள் குறைந்த வேகத்தில் ஓட்டுங்கள், சூடேறினால் லேக்கர் இளகி இழுத்துக்கொள்ளும். கையால் தேய்த்தாலும் ஒரு மணி நேரத்தில் பளபளப்பு வந்துவிடும்.

உள்ளே இருக்கும் வயர்கள்

பெயின்ட் காயும் வாரங்களில் இந்த வேலையை முடிக்கலாம். பிக்கார்டைப் பின்பக்கம் திருப்பி, மல்ட்டிமீட்டரை 20 கே ஓம் நிலையில் வைத்து ஒவ்வொரு பிக்கப்பின் இரண்டு முனைகளையும் அளந்து பாருங்கள். ஒற்றைச் சுருள் பிக்கப்பில் 5 முதல் 7 கிலோ ஓம் காட்டினால் நல்ல நிலை. எதுவும் காட்டாவிட்டால் உள்ளே வயர் அறுந்திருக்கிறது. பிக்கப் வேலை செய்கிறது என்றால் அதை மாற்ற அவசரப்படாதீர்கள். கறகறவென்று சத்தம் போடும் பாட்டும், பிடிப்பில்லாத ஜாக்கும்தான் மலிவு கிட்டாரின் முதல் நோய்.

பாட் வாங்கும்போது ஒற்றைச் சுருளுக்கு 250 கே, ஹம்பக்கருக்கு (இரட்டைச் சுருள் பிக்கப்) 500 கே. வால்யூமுக்கு ஏ என்று குறித்தது. பெரிய பாட்டின் கழுத்து 9.5 மி.மீ.; மலிவு பிக்கார்டின் ஓட்டை அநேகமாகச் சின்ன பாட்டுக்கான 7 அல்லது 8 மி.மீ. ஓட்டையாக இருக்கும். ரீமர் அல்லது உருண்டை அரத்தால் மெல்ல அகலப்படுத்த வேண்டும். டிரில் பிட்டை நேரே விட்டால் பிளாஸ்டிக் பிடித்துக்கொண்டு உடையும். புதுப் பாட்டின் தண்டு பழைய குமிழுக்குப் பொருந்துமா என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள். 6 மி.மீ. பிளவுத் தண்டுக்கும் 6.35 மி.மீ. முழுத் தண்டுக்கும் குமிழ் வேறு.

பாட்டின் முதுகில் எர்த் வயரைப் பற்றவைக்க 40 வாட்டாவது வேண்டும். முதுகை 320 நம்பர் தாளால் கீறி, ரோசின் ஃப்ளக்ஸ் தடவி, முதலில் ஈயத்தை மட்டும் ஒரு குமிழாக உருக்கி வையுங்கள். பிறகு வயரை அதில் அழுத்துங்கள். மூன்று நாலு விநாடிக்கு மேல் சூட்டைக் காட்டினால் உள்ளே கார்பன் தடம் கெடும். தகர வேலைக்கு விற்கும் ஆசிட் ஃப்ளக்ஸைப் பயன்படுத்தினால் சில மாதத்தில் இணைப்புகள் பச்சை பூத்து அரித்துவிடும்.

பள்ளங்களுக்குச் செப்பு டேப் ஒட்டுவது நல்ல பலன் தரும். துண்டுகள் ஒன்றின்மேல் ஒன்று ஏற வேண்டும்; பசை மின்சாரத்தைக் கடத்தாத ரகமென்றால் ஒவ்வொரு இணைப்பிலும் ஒரு பொட்டு ஈயம் வையுங்கள். கடைசியில் அதை எர்த்தோடு இணைக்க வேண்டும். இணைக்காத செப்பால் பயனில்லை. ஜாக்கின் நுனி செப்பில் பட்டால் கிட்டார் ஊமையாகிவிடும், அந்த இடத்தில் இன்சுலேஷன் டேப் ஒட்டுங்கள். டியூப்லைட், சார்ஜர் போன்றவற்றின் "ஜிர்ர்" சத்தம் செப்பு டேப்பால் குறையும். ஒற்றைச் சுருளின் 50 ஹெர்ட்ஸ் ரீங்காரம் போகாது. அது சுருளின் இயல்பு.

இரண்டு பிக்கப் சேர்ந்து ஒலிக்கும் நிலையில் மட்டும் ஒலி மூக்கால் பேசுவதுபோல் மெலிந்தால், ஏதோ ஒரு பிக்கப்பின் இரண்டு வயர்களும் இடம் மாறியிருக்கின்றன. மாற்றிப் போட்டால் சரியாகிவிடும்.

வேறு பாகம் வாங்குவோருக்கு: மலிவு கிட்டார் பாடிகளில் பல, வழக்கமான 45 மி.மீ. தடிமனைவிடச் சில மில்லிமீட்டர் மெல்லிசு. முழு அளவு டிரெமோலோ (பிரிட்ஜை அசைத்துச் சுருதியை ஆட்டும் அமைப்பு) பிளாக் போட்டால் பின்பக்கம் நீட்டிக்கொண்டு நிற்கும். பிரிட்ஜில் தந்தி இடைவெளி 10.5, 10.8, 11.2 மி.மீ. என்று மூன்று அளவில் வருகிறது. பழையதை அளக்காமல் ஆர்டர் போடாதீர்கள். பிக்கார்டும் அப்படியே, ஓட்டைகள் ஒத்துப்போகாது. பழையதைத் தாளில் வரைந்து ஒப்பிட்டுப் பாருங்கள்.

நெக்

ஃபிங்கர் போர்டு (நெக்கில் விரல் அழுத்தும் முன்பக்கம்) முழுக்க மாஸ்கிங் டேப் ஒட்டி, ஃப்ரெட் உலோகம் மட்டும் வெளியே தெரியும்படி விட்டு, 1500, 2000 நம்பர் தாள், பிறகு பிராஸோ என்று வரிசையாகத் தேய்த்தால் தந்தியை வளைக்கும்போது வரும் கரகரப்பு போய்விடும். இரும்பு நார் பயன்படுத்தினால் பிக்கப் இருக்கும் அறையில் வேண்டாம். துகள் காந்தத்தில் ஒட்டினால் எடுக்க முடியாது. ஃப்ரெட்டின் முனை கையைக் கீறினால் சிறு அரத்தை 45 டிகிரி சாய்த்து முனையை மழுக்குங்கள். நெக்கின் பின்பக்கம் வியர்வையில் ஒட்டினால், பாத்திரம் தேய்க்கும் பச்சை நாரால் நீளவாக்கில் தேய்த்து மங்கலாக்கினால் போதும்.

தலைப்பகுதிக்கும் பாடி வண்ணத்தையே அடிக்கலாம், அழகாக இருக்கும். நட் (தலைப்பகுதிக்குக் கீழே தந்திகள் படியும் பள்ளமிட்ட பட்டை) விளிம்பில் டேப்பைக் கத்திபோல் நேராக ஒட்டுங்கள். அங்கே பிரபல கம்பெனியின் பெயரை ஒட்டும் ஆசை சிலருக்கு வரும். விற்கும்போது அது போலிச் சரக்காகிவிடும். உங்கள் பெயரையே எழுதிக்கொள்ளலாம்.

பூட்டி, செட்டப் செய்வது

பூட்டும் முன் ஒவ்வொரு ஸ்க்ரூ ஓட்டையின் வாயிலும் ஏறியிருக்கும் பெயின்ட்டைப் பெரிய டிரில் பிட்டைக் கையால் சுழற்றி எடுத்துவிடுங்கள். எடுக்காமல் திருகினால் ஸ்க்ரூ பூச்சைத் தூக்கி, காசு அளவுக்குப் பெயர்த்துவிடும். ஸ்க்ரூ மரைகளில் மெழுகு தடவுங்கள்.

நெக் ஸ்க்ரூ நாலும் பாடியின் ஓட்டையில் தடையில்லாமல் நழுவ வேண்டும், நெக் மரத்தை மட்டும்தான் கடிக்க வேண்டும். பாடியிலும் கடித்தால் எவ்வளவு இறுக்கினாலும் நடுவில் இடைவெளி நிற்கும். ஓரத் தந்திகள் இரண்டையும் மாட்டி, ஃபிங்கர் போர்டு விளிம்பிலிருந்து இரண்டும் ஒரே தூரத்தில் ஓடுகின்றனவா பார்த்து, ஸ்க்ரூவைச் சற்றுத் தளர்த்தி நெக்கை நகர்த்தி, பிறகு முழுதும் இறுக்குங்கள்.

புதியவர்கள் டிரெமோலோவை மிதக்கவிட வேண்டாம். ஸ்பிரிங் ஐந்தையும் மாட்டி, கிளா ஸ்க்ரூவை இறுக்கி, பிரிட்ஜ் தகடு பாடியோடு படிந்து உட்கார வைத்துவிட்டால் சுருதிப் பிரச்சினையில் பாதி தீரும். நட் பள்ளங்களில் பென்சில் முனையைத் தேய்த்தால் மீதியில் பெரும்பகுதி தீரும்.

09-42 தந்தி (மிக மெல்லியது 0.009, மிகத் தடித்தது 0.042 அங்குலம்) மாட்டிச் சுருதி சேர்த்த பிறகு, தடித்த ஈ (E) தந்தியை முதல் ஃப்ரெட்டிலும் கடைசி ஃப்ரெட்டிலும் ஒரே நேரம் அழுத்தி, எட்டாவது ஃப்ரெட்டுக்கு மேல் உள்ள இடைவெளியைப் பாருங்கள். 0.25 மி.மீ. சரி. அதிகமென்றால் டிரஸ் ராடை (நெக்கின் உள்ளே ஓடி வளைவைச் சரிசெய்யும் இரும்புத் தண்டு) வலப்பக்கம் கால் சுற்று. குறைவென்றால் இடப்பக்கம் கால் சுற்று. மறுபடி சுருதி சேர்த்து அளந்துவிட்டே அடுத்த கால் சுற்று. திருப்ப முடியாமல் இறுகினால் பலம் காட்டாதீர்கள், ராடு அறுந்தால் நெக்கே போச்சு.

அதன் பிறகுதான் உயரம்: 12ஆவது ஃப்ரெட்டில் தந்தியின் அடிப்பக்கம் 1.6 முதல் 2 மி.மீ. அடுத்து இன்டொனேஷன், அதாவது நெக் முழுக்கச் சுருதி சரியாக நிற்பது. 12ஆவது ஃப்ரெட்டில் அழுத்தி வாசிக்கும் ஸ்வரம் அதே இடத்து ஹார்மோனிக்கைவிட (அழுத்தாமல் லேசாகத் தொட்டு எழுப்பும் ஸ்வரம்) கூடுதலாக இருந்தால் சாடிலை (பிரிட்ஜில் தந்தி படியும் துண்டு) பின்னால் தள்ளுங்கள், குறைவாக இருந்தால் முன்னால். கடைசியாகப் பிக்கப் உயரம். கடைசி ஃப்ரெட்டில் அழுத்தியபடி, தடித்த தந்திப் பக்கம் 2 மி.மீ., மெல்லிய பக்கம் 1.6 மி.மீ. இடைவெளியில் தொடங்குங்கள். இதைவிட நெருக்கினால் காந்தம் தந்தியை இழுத்து, மேல் ஃப்ரெட்டுகளில் ஒரே தந்தி இரண்டு சுருதியில் அலைவதுபோல் கேட்கும். வரிசையை மாற்றாதீர்கள், நெக் வளைவைப் பின்னால் தொட்டால் மற்ற அளவெல்லாம் மறுபடி மாறிவிடும்.

முதல் இரண்டு மாதம் கிட்டாரை ரெக்சின் பைக்குள் போட்டு மூடி வைக்க வேண்டாம். பையின் துணி நெசவு பூச்சில் அச்சாகப் பதியும். ஸ்டாண்டின் ரப்பர் கைகளிலும் லேக்கர் பூச்சு நேரே படக்கூடாது. ரப்பரில் உள்ள ரசாயனம் லேக்கரை இளக்கிக் கறையாக்கிவிடும். ஸ்டாண்ட் கைகளில் பழைய பருத்தி வேட்டித் துணியை இரண்டு சுற்றுச் சுற்றிக் கட்டிவிட்டு நிறுத்துங்கள்.